தேர்தலுக்கு முந்தின பதிவு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் ஆண்பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு வாய் இருந்தால் ஊரில் அதற்கு வேறு பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்ட தப்பை அவள் எழுந்து நின்று சொன்னதற்கு அவர் கொடுத்த பட்டம் வாயாடி. வீட்டில் அண்ணன்மார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகிப் போன இடத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நாத்தனாரும் அதே பெயரைக் கண்டுபிடித்தாள். "எங்கே போனாலும் எனக்கு முந்தி என் பேர் போய் நின்னுக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பின்னால் வலைப்பூ தொடங்கியபோது தலைப்புக்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

அப்போது அவள் நகரசபையில் சுருக்கெழுத்தாளர். கூட்ட மண்டபத்தில் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை அவளுடையது. உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் எடுத்து, நடவடிக்கைக் குறிப்பாகத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் திருத்துவார். திருத்தம் என்றால், ஆண்கள் பேசியது பெயரோடும் மரியாதையோடும் நிற்கும். பெண் உறுப்பினர் பேசியது, 'சிலர் கருத்துத் தெரிவித்தனர்' என்று சுருங்கிப்போகும்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பேச எழுந்தார். புதிதாக ஜெயித்து வந்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பேருந்து நிலையத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது, வெளியூர் போகிறவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்று அவர் ஆரம்பித்ததும், எதிர்வரிசையில் ஒருவர், "டீச்சரம்மாவுக்கு அவசரம் போல இருக்கே" என்றார். மண்டபம் குலுங்கியது. டீச்சர் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, முழுவதும் பேசி முடித்தார். திருத்தி வந்த குறிப்பில் அந்தப் பேச்சில் ஒரு சொல் இல்லை. 'சபையில் சிரிப்பு' என்பது மட்டும் இருந்தது.

வாயாடி அன்று வீட்டுக்கு வந்து, டீச்சர் பேசியதை ஒரு சொல் விடாமல், யார் யார் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்து, வலையில் ஏற்றினாள். அதுதான் முதல் பதிவு. ஊர் அதைப் படித்தது. சீக்கிரமே வேலை போயிற்று.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். செய்தியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "என் பொழப்பைப் பாரு. எனக்குன்னு வண்டியில இருக்கறது ஒரு பிரேக்குதான். ஸ்டியரிங் எப்பவும் அடுத்தவன் கையில. வீட்ல நீயாவது ஓட்டு" என்றார்.

அவள் ஓட்டினாள். பகலில் வக்கீல்களுக்கும் கம்பெனிகளுக்கும் தட்டச்சு வேலை. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தத்துக்குப் பக்கத்தில், வலைப்பூ. கற்பழிப்பு வழக்கில் பெண்ணின் உடையைப் பற்றிப் பேசிய அமைச்சரைப் பற்றி எழுதினாள். பெண் விடுதலை மாநாடு நடத்திய கட்சியில் மாநாடு முடிந்ததும் தட்டுகளைக் கழுவியது யார் என்று போய்ப் பார்த்து எழுதினாள். அந்தக் கட்சிக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். மூன்று ஆண்களுக்கு நடுவில் உட்காரவைத்து, மூன்று பேரும் பேசி முடித்த பிறகு, "நீங்க ஏன் இவ்வளவு கோவப்படறீங்க?" என்று கேட்டார்கள். "இன்னும் நான் வாயே திறக்கலையே" என்றாள். அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெயர் பரவப் பரவ வசவும் பரவியது. யாரோ அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிப் படம் போட்டார்கள். தொலைபேசி எண்ணைக் கழிப்பறைச் சுவர்களில் எழுதினார்கள். கணவரின் பயிற்சிக் காரில் ஆணியால் ஒரு சொல்லைக் கீறி வைத்தார்கள், அவர் அதை அழிக்கக் கொடுத்துவிட்டு, "எழுத்துப் பிழையோட கீறியிருக்கான். படிப்பு ஏறாத பயல்" என்று சிரித்தார். ஆனால் அந்த வாரம் கார் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்த சில குடும்பத்துப் பெண்கள் நின்றுவிட்டார்கள். மகளிடம் பள்ளியில் ஒருவன், "உங்கம்மா படம் எங்க அண்ணன் போன்ல இருக்கு" என்றான். மகள் வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை. தோழியின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்று வாயாடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர், "நீங்க கொஞ்சம் அடக்கி வாசிச்சா இதெல்லாம் வராதும்மா" என்றார். அதையும் எழுதினாள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பெரிய சந்தோஷம் கிடைத்தது என்றால், அது டீச்சர் நகரசபைத் தலைவரானதுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பாதிக்கு மேல் வாயாடியின் பதிவுகளால் வந்த வெற்றி என்று எதிரிகளே சொன்னார்கள். பதவியேற்ற அன்று டீச்சர் நேராக அவள் வீட்டுக்கு வந்து, சமையலறை மேடையில் சாய்ந்து நின்று தேநீர் குடித்தார். "இனிமே என்னையும் விடாதே. தப்பு பண்ணா எழுது" என்றார். "அதெல்லாம் சொல்லணுமா டீச்சர்?" என்று வாயாடி சிரித்தாள். இருவரும் விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வந்தது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்காக ஊர்க்கோடிவரை ஒரு தனிப் பேருந்து விட்டார். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்தவர்கள் தங்க ஓர் இல்லம் திறந்தார். வாயாடி ஒவ்வொன்றையும் எழுதினாள்.

அடுத்த தேர்தல் நெருங்கிய சமயம், அதே பேருந்து நிலையத்திலிருந்து ஒரு பெண் அவளைக் கூப்பிட்டாள். அங்கே கழிப்பறை சுத்தம் செய்துகொண்டிருந்தவள். கரகரத்த குரல், அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் கட்டைக்குரல். நிலையத்துக்குப் பின்னால், துடைப்பங்களைக் காயப்போடும் சந்தில், கவிழ்த்துப்போட்ட வாளிகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஷிப்ட் போடறவன் சூப்பர்வைசர். அவன் ரூமுக்குக் கூப்பிடுவான். போனா காலை ஷிப்ட். போகலைன்னா சாக்கடைப் பக்கம், இல்லேன்னா வேலையே கிடையாது" என்றாள் கட்டைக்குரல்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லாம? நாங்க மூணு பேர் டீச்சர் வீட்டுக்கே போனோம். உக்காரவெச்சு டீ கொடுத்தாங்க. பாக்கறேன்னாங்க. மறுவாரம் எங்களை வேலைக்கு வெச்ச காண்ட்ராக்டரோட ஆள் வந்து கேக்கறான், தலைவி வீட்ல டீ நல்லா இருந்துச்சான்னு. அன்னிக்கே மூணு பேரையும் நிறுத்திட்டான்."

 "தேர்தல் வருது. எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டாள் வாயாடி. கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

கட்டைக்குரல் வாளியிலிருந்து எழுந்துவிட்டாள். "அக்கா, எழுதறதா இருந்தா எழுது. இல்லேன்னா எதுக்கு என்னை உக்காரவெச்சு எல்லாத்தையும் மறுபடி சொல்ல வெக்கறே? என் எடத்துல இப்ப புதுசா ஒருத்தி வந்திருக்கா. கல்யாணம்கூட ஆகலை. அவளை அவன் இன்னும் கூப்பிடலை. கூப்பிடுவான்."

வாயாடி நேராக நகரசபைக்குப் போனாள். தலைவர் அறையில் டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"டீச்சர், முதல்லயே சொல்லிடறேன். எழுதறதுக்காகத்தான் கேக்க வந்திருக்கேன்."

"எப்ப நீ எழுதாம இருந்தே? கேளு."

அவள் கேட்டாள். டீச்சர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆமா, வந்தாங்க. சபைச் செயலாளர்கிட்ட விசாரிக்கச் சொன்னேன். அவன் காண்ட்ராக்டருக்கு மச்சான். அது தெரிஞ்சேதான் சொன்னீங்களான்னு கேக்காதே. அந்த வாரம் வேலை அப்படி. யார்கிட்டயாவது தள்ளிவிட்டா போதும்னு இருந்துச்சு."

"அவங்க வேலை போயிடுச்சு, டீச்சர்."

"தெரியும். காண்ட்ராக்டர் இல்லாம என் கட்சிக்கு இந்த ஊர்ல கூட்டம் போட மேடைகூடக் கிடையாது. தேர்தல் முடியட்டும். முதல் கையெழுத்து அதுதான். அந்த சூப்பர்வைசர் பையனை உள்ளே தள்ளறேன், மூணு பேருக்கும் வேலை கொடுக்கறேன்."

"அதுவரைக்கும் அவன் அங்கேயேதானே இருப்பான்?"

டீச்சரின் குரல் உயர்ந்தது. "எதிர்ல நிக்கறது யாருன்னு மறந்துட்டியா? எனக்கு அவசரம்னு சொல்லிச் சிரிச்சானே, அவன். ஜெயிச்சு வந்தா பஸ் போகும், இல்லம் போகும், எல்லாம் போகும். மூணு பேருக்காக முந்நூறு பேரை நடுத்தெருவுல விடப்போறியா?"

 டீச்சர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வாயாடியின் கஷ்டமே. எழுந்து வரும்போது பின்னாலிருந்து டீச்சர், "யோசிச்சு எழுது" என்றார். உத்தரவா கெஞ்சலா என்று தெரியாத குரல் அது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். வாயாடி படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். "இதே மாதிரி ஒரு ஆம்பளைத் தலைவர் செஞ்சிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேன். இப்ப கை வரலை. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு நான்தானே எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்?"

"எழுதினா டீச்சர் தோத்துடுவாங்களா?"

"தோக்கலாம்."

"எழுதலைன்னா?"

"நான் யாரையுமே கேக்க முடியாது இனிமே. அதுவும் பெரிசில்லைங்க. அந்தப் புதுப் பொண்ணு அங்கே நிக்கறா."

அவர் ஈரத்துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் போட்டார். வழக்கம்போல ஏதாவது ஒரு ஜோக் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. "நான் என்ன சொல்றது? எனக்கும் அவங்களைப் பிடிக்கும்" என்றார்.

பதிவை எழுதுவதற்கு முன் வாயாடி கட்டைக்குரலையும் மற்ற இருவரையும் மறுபடி பார்த்தாள். பெயர் வேண்டாம் என்றார்கள் இருவர். கட்டைக்குரல் மட்டும், "என் பேரைப் போடு, அவனுக்குத் தெரியட்டும்" என்றவள், மறுநாளே மாமியார் சத்தம் போட்டாள் என்று வேண்டாம் என்றாள். சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தபோது அவன் பல்லைக் காட்டி, "இதுங்க பேச்சையெல்லாம் நம்பி வந்தீங்களா மேடம்?" என்றான்.

'எனக்கு வேண்டியவர் ஒருவர் செய்த தவறை எழுதுகிறேன்' என்று பதிவு தொடங்கியது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். டீச்சர் சொன்ன பதிலையும் அவர் சொன்ன சொற்களிலேயே போட்டாள். பின்பாதியில், 'இதைப் படித்துவிட்டு எதிரணிக்கு ஓட்டுப்போடக் கிளம்புகிறவர்கள், அந்த அணியின் வேட்பாளர் பெண்களைப் பற்றிச் சபையில் பேசியதையும் படித்துவிட்டுப் போங்கள்' என்று அவருடைய பழைய பேச்சுகளை வரிசையாகக் கொடுத்தாள்.

எதிரணிக்காரர் அந்தப் பதிவைத் துண்டறிக்கையாக அடித்தார், முதல் பாதியை மட்டும். தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை, வாயாடியின் படத்தோடு. இத்தனை நாள் அவளை வாயில் வராத சொல்லால் திட்டியவர்கள் எல்லாரும் திடீரென்று 'சகோதரி' என்றார்கள். அவள் மறுப்பு எழுதினாள். அதை யார் படித்தார்கள்? சொந்த வாசகர்களோ எரிந்து விழுந்தார்கள். 'ஏணியை உதைத்தவள்', 'விலைபோனவள்', 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்று வந்த கடிதங்களைப் பார்த்தபோது, பழைய வசவுகளே தேவலை என்று இருந்தது. அந்நியன் அடித்தால் தோல்தான் வலிக்கும்.

டீச்சர் தோற்றார். பெரிய வித்தியாசம்கூட இல்லை.

பதவியில் மிச்சமிருந்த சில நாட்களில் டீச்சர் செய்த காரியம் ஒன்று உண்டு. காண்ட்ராக்டை ரத்து செய்தார். சூப்பர்வைசர் மேல் தாமே போய்ப் புகார் கொடுத்தார். மூன்று பெண்களையும் நகரசபையின் நேரடி ஆட்களாக வேலைக்கு எடுத்தார். வாயாடியிடம் அதைச் சொல்லவில்லை. செய்தித்தாளில் ஒரு மூலையில் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. தேர்தலுக்கு முன்னால் முடியாத காரியம் தோற்ற பிறகு எப்படி முடிந்தது என்று கேட்க அவள் நாக்கு துறுதுறுத்தது. முதல்முறையாக அதை அடக்கிக்கொண்டாள்.

புதுத் தலைவர் பதவியேற்ற அன்று அவள் வீட்டுக்கு ஒரு பூங்கொத்து வந்தது. 'உண்மையைச் சொன்ன சகோதரிக்கு' என்று சீட்டு. கொண்டுவந்தவனிடமே திருப்பி நீட்டினாள். அவன் வாங்கமாட்டேன் என்று வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். மகள் பள்ளியிலிருந்து வந்து அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "இது யாரும்மா கொடுத்தது?" என்று கேட்டாள். சொன்னதும், "ச்சீ" என்று போய்க் காலைக் கழுவிக்கொண்டாள்.

பிறகு டீச்சர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. இல்லத்தில் இருந்த பெண்களை 'உறவினரிடம்' அனுப்பிவிட்டுக் கட்டடத்தை அலுவலகமாக்கினார்கள். இரண்டாம் ஷிப்ட் பேருந்தை நஷ்டம் என்று நிறுத்தினார்கள்.

கட்டைக்குரல் ஒரு நாள் வீட்டுக்கே வந்தாள். தண்ணீர் கொடுத்ததும் மடமடவென்று குடித்துவிட்டு, "வேலை கொடுத்துட்டாங்க அக்கா. அந்த நாயையும் உள்ளே போட்டுட்டாங்க. இப்ப வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகத்தான் வழியில்லை. பாலத்துக்குக் கீழே இருட்டுல நடக்கறோம்" என்றாள்.

 "என்னாலதான்" என்றாள் வாயாடி.

"நீ எழுதினதாலதான் வேலை. நீ எழுதினதாலதான் பஸ்ஸும் போச்சு. எதுக்கு நன்றி சொல்றது, எதுக்குத் திட்டறதுன்னு எனக்கே தெரியலை. நான் அதுக்கு வரலை. பஸ்ஸுக்கு என்ன பண்ணலாம், சொல்லு."

தேர்தலுக்குப் பிறகு வாயாடி எதுவும் எழுதாமல்தான் இருந்தாள். வலைப்பூவைத் திறப்பாள், மூடுவாள். உன் எழுத்தால் யார் பிழைத்தார்கள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனால் பஸ் என்பது பதில் தெரிந்த கேள்வி. கணவர் பயிற்சிக் காரில் சில நாள் அந்தப் பெண்களைக் கொண்டுபோய் விட்டார். பயிற்சிப்பள்ளி முதலாளி பார்த்துவிட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு அதுவும் நின்றது. வாயாடி பாலத்தடியில் அவர்களோடு நடந்து போய், பார்த்ததை எழுதினாள். பேருந்து நிலையத்தில் எல்லாரும் கூடி நிற்பது என்று முடிவாயிற்று.

டீச்சரைக் கூப்பிடாமல் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே கேட்டார்.

"எதுக்கு வந்தே?"

"பஸ்ஸுக்காகக் கூடறோம், டீச்சர். நீங்க விட்ட பஸ். நீங்க வரணும்."

"நான் வந்து நின்னா உனக்குப் பாவம் கரையுமா?"

"இல்ல. பஸ் வரலாம்."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். முன்னைக்கு இளைத்திருந்தார். "நீ எழுதினதுல ஒரு வரி பொய் கிடையாது. அதான் எனக்கு ஆத்திரமே. பொய்யா இருந்தா கோர்ட்டுக்கு இழுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். பக்கத்துல வந்து உக்காந்து ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு எழுதியிருக்கலாம் நீ. ஒரு தடவை கேட்டே, போயிட்டே."

"சண்டை போட்டிருந்தா எழுதியிருக்க மாட்டேன், டீச்சர். அந்தப் பயத்துலதான் வரலை."

 டீச்சர் உள்ளே போய்விட்டார். கதவுக்கு வெளியே வாயாடி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

கூட்டத்தன்று மழை தூறியது. எதிர்பார்த்ததைவிட நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள்: தையல் ஆலையிலிருந்து, மருத்துவமனையிலிருந்து, கடைகளிலிருந்து. திட்டிக் கடிதம் எழுதிய வாசகிகளில் சிலர்கூட, அவளைப் பார்க்காத மாதிரி வந்து நின்றார்கள். மகள் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கோஷம் பாதியில் இருக்கும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, டீச்சர் வந்திருக்காங்க பாரு. அந்தக் கடைசியில."

வரிசையின் மறுகோடியில் குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நின்றிருந்தார். கட்டைக்குரல் பக்கத்தில் போய் என்னவோ சொல்ல, அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"போய்ப் பேசும்மா."

"அவங்க பஸ்ஸுக்காக வந்திருக்காங்க. எனக்காக இல்ல."

நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தலைவரிடம் பேசுகிறேன் என்றார். டீச்சர் முன்னால் வந்து, எந்தத் தேதிக்குள் என்று கேட்டார். அதிகாரி மழுப்பினார். வாயாடி இந்தப் பக்கத்திலிருந்து அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பாலம்வரைக்கும் விடுவோம் என்றார். பாலத்துக்கு அப்பால்? அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் அன்று அவரிடமிருந்து பெயரவில்லை.

கூட்டம் கலைந்தது. டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, வாயாடியைத் தாண்டி, நின்றிருந்த பேருந்தில் ஏறினார். ஏறும்போது ஒரு கணம் தயங்கினார் என்று மகள் பிறகு சொன்னாள். வாயாடி அதைப் பார்க்கவில்லை, அட்டைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஜன்னலோரத்தில் டீச்சரின் தலை தெரிந்தது. அந்தப் பேருந்து வாயாடி வீட்டு வழியாகத்தான் போகும். உள்ளே இடமும் நிறைய இருந்தது. "வா, ஏறலாம்" என்றாள் மகள். வாயாடி அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, அடுத்த வண்டிக்காக நின்றாள்.